படிப்பும் பிழைப்பும்: கேள்வி - பதில்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். வாசகர்கள் அனுப்பியவற்றில் பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாணவி, மணப்பாறை: என் கட்-ஆஃப் 178. நல்ல கல்லூரியில் சிவில், சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நிலைமை. எதை எடுப்பது?

கட்-ஆஃப் சொன்னீர்கள், எந்தப் பாடம் பிடிக்கும் என்று சொல்லவில்லையே! கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி வந்த எண் அது. எங்கே இடம் கிடைக்கும் என்பதை அது சொல்லும். எதை நான்கு வருடம் உட்கார்ந்து படிக்க உங்களால் முடியும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு பிரிவும் சம்மதம் என்றால் கல்லூரியைப் பாருங்கள். நல்ல ஆசிரியர், ஓடுகிற லேப், கூடப் படிக்கும் கெட்டிக்காரர்கள், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் எல்லாம் கல்லூரியோடு சேர்ந்து வருபவை. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் வளாகத் தேர்வில் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களையும் எழுத விடுகின்றன. சிவில் படித்தவருக்குப் பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை உதவிப் பொறியாளர் தேர்வும் இருக்கிறது.

ஆனால் கட்டுமானம் என்றாலே கசக்கிறது என்றால், எவ்வளவு பெரிய கல்லூரியானாலும் அந்தச் சிவில் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு தந்தை, விருதுநகர்: வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ்" மேல் என்கிறார்களே?

ஐயா, இரண்டின் பாடத்திட்டத்தையும் அண்ணா பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 பாடத்திட்டத்தில் மூன்றாம் செமஸ்டருக்கு வாருங்கள். டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ் இரண்டிலும் உண்டு. டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷனும் இரண்டிலும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கத்திலேயே "ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ்" என்று ஒரு தாள் இருக்கிறது. அஸ்திவாரம் பெரும்பாலும் ஒன்றுதான். பிரிவின் பெயர் புதிது என்பதால் வேலை தானாக வந்துவிடாது.

கல்லூரிக்குப் போகும்போது ஒன்று கேளுங்கள்: "இந்த டிபார்ட்மென்ட்டில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் என்ன படித்தவர்கள்?" பதில் தெளிவாக வந்தால் எந்தப் பெயரும் நல்ல பெயர்தான்.

மாணவர், தேனி: எல்லாவற்றையும் ஏ.ஐ. செய்துவிடும் என்கிறார்கள். பிறகு எதற்குப் படிப்பது?

ஏ.ஐ. சொன்ன பதில் சரியா தவறா என்று சொல்வதற்கு. அது எழுதிய புரோகிராமில் பிழை எங்கே, அது போட்ட கணக்கில் எந்த எண் பொருந்தவில்லை என்று விரல் வைத்துக் காட்ட ஆள் வேண்டும். விரல் வைக்க அடிப்படை தெரிய வேண்டும். மனப்பாடத்தை நம்பிச் செய்யும் வேலைகள்தாம் முதலில் ஆட்டம் காண்கின்றன. ஆகவே மனப்பாடத்தை நம்பிப் படிப்பதை இன்றே விடுங்கள்.

மாணவர், திருப்பூர்: அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். எனக்கு வேதியியல் பிடிக்கும். டெக்ஸ்டைல் படிக்கிறேன் என்றால் "மறுபடி சாயத்துக்கேவா?" என்கிறார்கள் உறவினர்கள்.

தம்பி, அப்பாவோடு ஒரு காலை அந்தப் பட்டறையின் லேபில் போய் நில்லுங்கள். வெளிநாட்டு பையர் அனுப்பிய உள்ளங்கை அகலத் துணித்துண்டு ஒன்று மேஜையில் இருக்கும். அச்சாக அதே நிறம் வர வேண்டும். இரண்டு மூன்று சாயங்களைச் சதவீதக் கணக்கில் கலந்து, சின்னக் குப்பிகளில் துணியைப் போட்டுச் சூடேற்றி, லேப் டிப் எடுப்பார்கள். காய்ந்த துண்டை லைட் பாக்ஸில் வைத்துப் பகல் வெளிச்ச விளக்கில் ஒரு முறை, கடை வெளிச்ச விளக்கில் ஒரு முறை பார்ப்பார்கள். ஒன்றில் பொருந்தும், மற்றொன்றில் லேசாகச் சிவப்பு அடிக்கும். மறுபடி கணக்கு, மறுபடி டிப். பிளஸ் டூ புத்தகத்தில் நீங்கள் படித்த வேதியியல் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பும் சாயமும்தான் நொய்யல் ஆற்றைக் கெடுத்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உடன்பட்ட பிறகே பட்டறைகள் மறுபடி ஓடின. கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பும் வேலை இன்று தனித் தொழில்நுட்பம். செலவைக் குறைத்து அதைச் செய்யத் தெரிந்தவர் திருப்பூருக்கு வேண்டும்.

சென்னை ஏ.சி. டெக், கோவை பி.எஸ்.ஜி. டெக் இரண்டிலும் டெக்ஸ்டைல் டெக்னாலஜி இருக்கிறது. கெமிக்கல் இன்ஜினீயரிங், பி.எஸ்சி. வேதியியல் வழியாகவும் இங்கே வரலாம். அப்பாவின் கண் பழக்கத்தோடு உங்கள் படிப்பும் சேர்ந்தால், அது உறவினர்கள் நினைக்கிற "மறுபடி சாயம்" இல்லை.

ஒரு தாய், அறந்தாங்கி: மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதித்ததில்லை. இன்ஜினீயரிங் படிக்க வைக்க வழி உண்டா?

உண்டு அம்மா. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். ஒருவேளை பொதுக் கவுன்சிலிங்கில் இடம் எடுத்தாலும் முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது.

பணத்தைவிடக் காகிதம்தான் பல பிள்ளைகளைத் தடுக்கிறது. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று, இ-சேவை மையம் வழியாகச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாவற்றையும் இந்த வாரமே கையில் வாங்கி வையுங்கள்.

மாணவி, தக்கலை: பி.எஸ்சி. கணிதம் எடுத்தால் டீச்சர் வேலைதான் கிடைக்குமாம். நிஜமா?

முதலில், டீச்சர் வேலை என்பது குறைந்த வேலை இல்லை. ஓர் ஊருக்கு நல்ல கணக்கு டீச்சர் ஒருவர் வந்தால், அங்கிருந்து எத்தனையோ பிள்ளைகள் கணக்கைக் கண்டு பயப்படாமல் மேலே போகிறார்கள்.

அடுத்து, கணிதத்துக்கு வேறு வழிகளும் நிறைய. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம், சி.எம்.ஐ., பிளஸ் டூ முடித்தவர்களைத் தன் சொந்த நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. பி.எஸ்சி.க்குப் பிறகு "ஜாம்" தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். புள்ளியியல் படித்து மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்குத் தேர்வு எழுதலாம். காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடர்க் கணக்குப் போடும் ஆக்சுவரி ஆகலாம், அதற்கு ஏ.சி.இ.டி. நுழைவுத் தேர்வு. இத்தனையும் கணக்குப் பிடித்தவர்களுக்குத்தான்.

மாணவர், ஆம்பூர்: பாலிடெக்னிக் படித்தால் அத்தோடு முடிந்துவிடுமா?

முடியாது, அங்கேதான் தொடங்கும். டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். தனிக் கவுன்சிலிங்கே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிப்பைத் தொடராமல் கை பழக வேண்டுமென்றால், 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி கம்பெனிகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் டிப்ளமோ, டிகிரி படித்தவர்களுக்கு அதை நடத்துகிறது. உங்கள் ஊர் தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர். காலணி வடிவமைப்பில் ஆர்வம் இருந்தால் கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு தந்தை, ஈரோடு: கல்லூரி நோட்டீஸில் "100 சதவீத பிளேஸ்மென்ட், அதிகபட்ச பேக்கேஜ் 40 லட்சம்" என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

அந்த 40 லட்சம் ஒரே ஒரு பிள்ளை வாங்கியது. உங்கள் பிள்ளைக்குத் தேவை நடுவில் நிற்பவரின் சம்பளம்.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கணக்குக் கொடுக்கின்றன. கல்லூரி இணையதளத்தில் "என்.ஐ.ஆர்.எஃப்." என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். 300 பேர் சேர்ந்து 180 பேர் தேறி, அதில் "தகுதியுள்ள" 90 பேருக்கும் வேலை என்றால், அதுவும் நோட்டீஸில் 100 சதவீதம்தான். எதற்கு எது சதவீதம் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாணவர், கோயம்புத்தூர்: மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. சுத்தமாகப் பிடிக்கவில்லை. நிறுத்திவிடலாமா?

பிடிக்காதது எது? பாடமா, பாடம் எடுப்பவரா, விழுந்த அரியரா? மூன்றுக்கும் மருந்து வேறு. ஆசிரியர் சரியில்லையென்றால் அதே பாடத்தை என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இலவசமாக நடத்துகிறார்கள். இரண்டு வாரம் கேட்டுப் பாருங்கள். அரியர்தான் காரணம் என்றால், அதை எழுதித் தேறிய பிறகு மறுபடி யோசியுங்கள்.

பாடமே பிடிக்கவில்லை என்றால் நிறுத்தாமலும் திரும்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022-ல் அனுமதி கொடுத்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று எந்தப் படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். பி.இ. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம், எம்.பி.ஏ. என்று மாறியவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நிறுத்துவதுதான் சரி என்று தோன்றினால், அடுத்த இடத்தை உறுதி செய்துகொண்டு நிறுத்துங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மாட்டோம் என்று யாராவது சொன்னால், அப்படிப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. இரண்டின் விதியும் அதுதான். எழுத்தில் கேளுங்கள்.

மாணவி, காரைக்குடி: பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. படிக்கலாமா?

தாராளமாக. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டம், நடுவில் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப். பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். பொறியியலோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. கேட்பது பொறுமையை. பலர் சில முறை எழுதித்தான் தேறுகிறார்கள். அதனால் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., டேலி மூன்றிலும் கையை நன்றாகப் பழக்கிக்கொள்ளுங்கள். ஃபைனல் தள்ளிப் போனாலும் வேலை காத்திருக்கும்.

பட்டதாரி, திண்டிவனம்: புதிய பெயரில் ஒரு டிகிரி முடித்தேன். அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் "இணைத்தன்மை" கேட்கிறார்கள். அது என்ன?

அறிவிக்கையில் கேட்ட பட்டமும் உங்கள் பட்டமும் சமம் என்று அரசாணை இருக்க வேண்டும். "ஏதேனும் ஒரு பட்டம்" போதும் என்ற பணிகளுக்குச் சிக்கல் இல்லை. ஆசிரியர் பணி போல, குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் இடங்களில்தான் சிக்கல். உங்கள் பட்டத்துக்கு ஏற்கெனவே அரசாணை வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பியுங்கள்.

இனிமேல் சேரப் போகிறவர்களுக்கு: கவர்ச்சியான புதுப்பெயர் கண்ணில் பட்டால், பணம் கட்டும் முன்பே இந்தக் கேள்வியை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் பலனில்லை.

மாணவி, மன்னார்குடி: தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. வீட்டில் அழுகை.

அழுபவர்களிடம் திட்டத்தைக் காட்டுங்கள், ஆசையை மட்டும் காட்டாதீர்கள். பி.ஏ., எம்.ஏ., நெட் தேர்வு என்பது ஒரு வழி. பி.எட். இன்னொரு வழி. தமிழக அரசுத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். கல்வெட்டு படிக்க ஆர்வமிருந்தால் மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கீழடியில் கிடைத்த பானை ஓட்டுக் கீறலைப் படிக்க அந்தப் பயிற்சி வேண்டும். பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று பழைய ஏடும் நூலும் புழங்கும் இடங்கள் உள்ளன. தமிழோடு கூட இன்னொரு மொழியையோ, கணினியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பிலும் பதிப்பிலும் அது சோறு போடும்.

ஒரு தந்தை, தருமபுரி: மகன் மூன்றாம் முறை நீட் எழுதப் போகிறான். விடலாமா?

அவன் எழுத விரும்புகிறானா, நீங்கள் விரும்புகிறீர்களா? இதை அவனிடம் தனியாக, கோபமில்லாமல் கேளுங்கள். அவனே விரும்பினால், இதுதான் கடைசி முறை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கூடவே வேறு விண்ணப்பங்களும் போடுங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகள் எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைப்பவை.

பையன் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாடினால் 14416 அல்லது 104 எண்ணை அழையுங்கள். மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். பிள்ளையைவிடப் பெரிய சீட் எதுவும் இல்லை.

மாணவர், ராமநாதபுரம்: கடன் வாங்கிப் படிக்கலாமா?

படிப்புக்கு வாங்கலாம், டொனேஷனுக்கு வாங்கக் கூடாது. வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தர வழி இருக்கிறது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கலாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். முடிந்தபோதெல்லாம் வட்டியையாவது கட்டி வாருங்கள்.

மாணவர், செங்கம்: எது பிடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. விருப்பப் பட்டியல் பதிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

பதினேழு வயதில் தெரியாமல் இருப்பது இயல்பு. தெரிந்துகொள்ள மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, நினைவில் இருக்கும் மூன்று பிரிவுகளின் முதல் இரண்டு வருடப் பாடத்திட்டத்தைப் படியுங்கள். இரண்டு, அந்தந்த வேலையில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, "நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஸ்கோப் இருக்கா?" என்ற கேள்விக்கு யாரும் எதையும் சொல்லலாம். நேற்று செய்ததைக் கேட்டால் நிஜம் வரும். மூன்று, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு என்.பி.டி.இ.எல். வகுப்பைக் கேளுங்கள். எதில் அடுத்த வகுப்பையும் கேட்கத் தோன்றுகிறதோ, அதைப் பட்டியலில் மேலே போடுங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில் வரிசைதான் உயிர். உங்களுக்கு மிக விருப்பமான கல்லூரியும் பிரிவும் முதலில், அடுத்த விருப்பம் அடுத்து. கிடைக்குமா கிடைக்காதா என்று பயந்து கீழே தள்ளாதீர்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரே அடுத்ததைப் பார்க்கும். இடம் ஒதுக்கிய பிறகும், அதை வைத்துக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. "நான் போட்டுத் தருகிறேன்" என்று பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி வாசலிலும் ஆட்கள் வருவார்கள். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பட்டியலை முதலில் நோட்டில் எழுதி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து ஒரு முறை பேசிவிட்டு, உங்கள் கையாலேயே பதியுங்கள். நான்கு வருடம் வகுப்பில் உட்காரப் போவது நீங்கள்தான், தம்பி.